பாறையை மொட்டையாக வைத்திருப்பது அலையா, நத்தையா?

பிரிட்டனின் மேற்குக் கரைகளில் கடல்நீர் வற்றி இறங்கும் நேரத்தில் பாறைகள் இரண்டு விதமாகத் தெரிகின்றன. அலை அடங்கிய குடாக்களில் பழுப்புநிறக் கடற்பாசி, பாறையே தெரியாதபடி கனமாக மூடிக் கிடக்கிறது. திறந்த கடலைப் பார்த்து நிற்கும் முனைகளிலோ பாசி அநேகமாக இல்லை. படகடியிலும் பாறையிலும் ஒட்டி வளரும் கொட்டலசு வெள்ளை வெள்ளையாகப் பரவியிருக்க, அதற்கிடையே சிறு கூம்புகளாகச் சில ஓடுகள் ஒட்டியிருக்க, மற்றபடி பாறை மொட்டையாக இருக்கிறது. இந்த வேறுபாட்டுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த காரணம், அலை பலமாக அடிக்கும் இடத்தில் பாசி ஒட்டி நிற்க முடியாது, அடங்கிய இடத்தில் நிற்கும் என்பது. கேட்டவுடன் ஒப்புக்கொள்ளத் தோன்றும் விளக்கம்தான். ஆனால் ஏறத்தாழ 80 ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சான்றுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால் அதில் பாதிதான் உண்மை என்று தெரிகிறது. அந்தப் பாறைகளை மொட்டையாக வைத்திருப்பதில் முதற்பங்கு அந்தக் கூம்பு ஓடுகளுக்கு உள்ளே இருக்கும் உயிருக்கு உரியது. அசையாப் பொருள் என்று நாம் கடந்துபோகும் லிம்பெட் என்ற கடல் நத்தைதான் அந்தக் கரையின் முகத்தைத் தீர்மானிக்கிறது.

லிம்பெட்டுகளில் பல இனங்கள் உண்டு. இங்கே பேசுவது நார்வேயிலிருந்து போர்ச்சுகல் வரை ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரைகளில் வாழும் பட்டெல்லா வல்காட்டா என்ற பொது லிம்பெட்டைப் பற்றி. அதன் ஓடு சாதாரண நத்தையின் ஓட்டைப் போலச் சுருண்டிருக்காது. ஒற்றைக் கூம்பு, அகலம் பெரும்பாலும் 6 சென்டிமீட்டருக்குள். அடியில் சதைப்பற்றான ஒரு கால். நீர் வற்றிய நேரத்தில் பார்ப்பவருக்கு அது பாறையின் ஒரு புடைப்பாகவே தோன்றும். ஆனால் அது இரை தேடக் கிளம்பிப் போகிறது என்பதை அரிஸ்டாட்டிலே குறித்துவைத்திருக்கிறார். சில கரைகளில் நீர் மூடியிருக்கும்போதும், சில கரைகளில் இரவில் நீர் வற்றியபோதும் அது கிளம்பும். பெரும்பாலும் ஒரு மீட்டர் தொலைவுக்குள் மேய்ந்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே, அதே திசையில் பொருந்தும்படி, திரும்பி வந்து அமரும். அமரும் இடம் ஓட்டின் விளிம்புக்கு அச்சாகப் பொருந்தும் தடமாக இருக்கும். பாறை மென்மையானதாக இருந்தால் பாறை தேய்ந்து அந்தத் தடம் உண்டாகிறது. கடினமானதாக இருந்தால் ஓட்டின் விளிம்பு பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்து வளர்கிறது. வெயிலில் உடலின் ஈரம் போய்விடாமல் காக்க இந்தப் பொருத்தம் அவசியம். போன வழியில் தானே விட்ட சளித்தடத்தை உணர்ந்துதான் அது வீடு திரும்புகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

இந்த வாதத்துக்கு மிக முக்கியமானது அதன் வாய். வாய்க்குள் நீண்ட ஒரு நாக்குப் பட்டை. அதன்மேல் அரத்தின் பற்களைப் போல வரிசை வரிசையாக நுண்பற்கள். முன்வரிசைகள் தேய்ந்து விழ விழ, பின்னாலிருந்து புதிய வரிசைகள் நகர்ந்து வருகின்றன. பற்களுக்குள் கோதைட் என்ற இரும்புத் தாது மெல்லிய இழைகளாக ஊடுருவி நிற்கிறது. 2015இல் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆசா பார்பரின் குழு இந்தப் பற்களின் இழுவலிமையை அளந்தது. கிடைத்த அளவு 3 முதல் 6.5 கிகாபாஸ்கல் வரை. சிலந்தி இழையையும் மிஞ்சும் இதுவே அதுவரை அறியப்பட்ட உயிர்ப்பொருள்களில் மிக வலிமையானது என்று அக்குழு அறிவித்தது. ஒரு நத்தைக்கு ஏன் இத்தனை வலிமையான பல்? அது முக்கியமாகத் தின்பது இலைபோல் வளர்ந்து நிற்கும் பாசியை அல்ல. பாறைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் நுண்பாசிப் படலத்தையும், அதில் விழுந்து அப்போதுதான் பற்றத் தொடங்கிய பெரும்பாசிகளின் முளைகளையும் அது பாறையோடு சேர்த்துச் சுரண்டி எடுக்கிறது. பெரும்பாசி அங்கே கண்ணில் படும் அளவுக்கு வளருவதற்கு முன்பே அழிந்துபோகிறது. லிம்பெட்டின் ஆற்றலை அறிவியல் இவ்வளவு தாமதமாக உணர்ந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். தின்று முடித்த பின் மிஞ்சுவதும் வெறும் பாறை, எதுவுமே முளைக்காத இடத்தில் இருப்பதும் வெறும் பாறை. பார்வையால் மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஆகவே, ஒரு காரியம் செய்து பார்த்தால்தான் உண்மை வெளிவரும்: லிம்பெட்டை அகற்ற வேண்டும்.

அதை முதலில் முறையாகச் செய்தவர்கள் ஐல் ஆஃப் மேன் தீவின் ஆய்வாளர்கள். 1946இல் போர்ட் செயின்ட் மேரி கரையில் மேலிருந்து கீழாக 10 மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டையைத் தேர்ந்து, அதிலிருந்த லிம்பெட்டுகளை எல்லாம் அகற்றினார்கள். 1948இல் என். எஸ். ஜோன்ஸும் எஸ். எம். லாட்ஜும் வெளியிட்ட கட்டுரைகள் பின்பு நடந்ததைச் சொல்கின்றன. முதலில் பச்சைப் பாசிகள் அந்தப் பட்டையை மட்டும் மூடின. அடுத்து பியூக்கஸ் என்ற பழுப்புப் பாசி எழுந்து அடர்ந்தது. பட்டைக்கு இருபுறமும் லிம்பெட்டுகள் இருந்த பாறை முன்போலவே மொட்டையாக நின்றது. அலையும் வெயிலும் நீர்மட்டமும் இரு பக்கமும் ஒன்றுதான். பிறகு லிம்பெட்டுகள் மெல்ல மெல்லப் பட்டைக்குள் திரும்பிவந்தன. புதிய பாசி முளைப்பது நின்றது. வளர்ந்திருந்தவை மூத்து உதிர்ந்தபின் அந்தப் பட்டையும் சுற்றியுள்ள பாறையோடு ஒன்றாகிவிட்டது.

ஒரு பட்டையை வைத்து ஒரு கடற்கரை முழுவதற்கும் முடிவு சொல்லலாமா என்று கேட்பது நியாயம். அதற்கான விடை, யாரும் விரும்பாத ஒரு விபத்தின் வழியே கிடைத்தது. 1967 மார்ச் 18 அன்று, ஏறத்தாழ 1,19,000 டன் குவைத் கச்சா எண்ணெயோடு வந்த டோரி கேன்யன் என்ற கப்பல், கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையிலுள்ள செவன் ஸ்டோன்ஸ் பாறைகளில் மோதியது. கரையொதுங்கிய எண்ணெயைக் கரைத்துவிட வேண்டுமென்று கடலிலும் கரையிலுமாகச் சுமார் 10,000 டன் கரைப்பான் ரசாயனங்கள் கொட்டப்பட்டன. அக்காலக் கரைப்பான்கள் எண்ணெயைவிடக் கொடிய நஞ்சு. எண்ணெய் பட்டும் பிழைத்திருந்த லிம்பெட்டுகள் கரைப்பான் பட்டதும் பிடி தளர்ந்து விழுந்து செத்தன. கரை கரையாக அப்படியே காலியானது. பிளைமவுத்திலுள்ள கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்வகம் அப்போதே கணக்கெடுக்கத் தொடங்கியது; அங்கிருந்த ஆலன் சவுத்வார்டும் ஈவ் சவுத்வார்டும் 10 ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கரைகளைத் தொடர்ந்து பார்த்து 1978இல் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில், இந்தக் கேள்வி பற்றி எழுதப்பட்டவற்றுள் மிக முக்கியமானது.

அவர்கள் கண்டது இதுதான். சில மாதங்களில் பாறைகள் எங்கும் பச்சைப் பாசி படர்ந்தது. அதன்பின் பியூக்கஸ் எழுந்து, முன்பு அது அரிதாக மட்டுமே காணப்பட்ட திறந்த கரைகளையும் போர்த்தியது. அதன் அடர்ந்த மூடலுக்குக் கீழே, தப்பிப் பிழைத்திருந்த கொட்டலசும் மடிந்தது. புதிதாக ஒட்டவும் இடமில்லை. ஆனால் அதே மூடல் ஈரமும் நிழலும் தந்ததால், கடல்நீரில் மிதந்து வந்த லிம்பெட் குஞ்சுகள் வழக்கத்தைவிட மிக அதிகமாக அங்கே தங்கிப் பிழைத்தன. அவை வளர்ந்ததும் காட்சி திரும்பியது. பியூக்கஸின் அடிப்பிடிப்பு அரிக்கப்பட்டது, புதிய முளை ஒன்றும் எழவில்லை, 1970களின் நடுப்பகுதிக்குள் பாசி மறைந்து பாறை முன்னைவிடவும் மொட்டையானது. இத்தனை லிம்பெட்டுகளுக்கு அங்கே தீனி போதவில்லை. வீடு தவறாத அந்த உயிர்கள் தத்தம் தடங்களைக் கைவிட்டு, அணியணியாகப் பாறைமேல் இரை தேடி நகர்ந்தன; பெருமளவில் மடிந்தன. எண்ணிக்கை சரிந்ததும் பாசிக்கு மறுபடி சிறிது இடம் கிடைத்தது. இப்படி ஏறி இறங்கி, கடுமையாகக் கரைப்பான் பட்ட கரைகள் இயல்பான ஏற்ற இறக்கத்துக்குள் வந்துசேர 10 முதல் 15 ஆண்டுகள் ஆயின.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கரைப்பான் லிம்பெட்டை மட்டும் கொல்லவில்லை. வேறு நத்தைகளையும், சிறு நண்டு இறால் வகைகளையும், அநேகமாக அந்தப் பாறையில் இருந்த எல்லாவற்றையும் கொன்றது. அப்படியிருக்க, பாசி எழுந்ததற்கு லிம்பெட் இல்லாமையே காரணம் என்று எப்படிச் சொல்வது? கொன்றதை மட்டும் பார்த்தால் சொல்ல முடியாதுதான். ஆனால் இங்கே பார்க்கவேண்டியது அழிவை மட்டுமல்ல, மீட்சியையும். பச்சைப் பாசி, பிறகு பியூக்கஸ், லிம்பெட் திரும்பியதும் வெறுமை என்ற வரிசை, ஒரு துளி ரசாயனமும் படாத போர்ட் செயின்ட் மேரியில் 20 ஆண்டுகளுக்கு முன்பே காணப்பட்ட அதே வரிசை. மற்றொரு சான்று காட்ரெவி என்ற இடத்திலிருந்து வருகிறது. அங்கே கடல்நாய்கள் இருந்ததால் கரைப்பான் தெளிப்பதைத் தவிர்த்தார்கள். எண்ணெய் அங்கும் ஒதுங்கியது, ஆனால் லிம்பெட்டுகளில் பெரும்பகுதி பிழைத்தது. அந்தக் கரை 2, 3 ஆண்டுகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. எண்ணெய் பட்ட இரு கரைகளில் ஒன்று 3 ஆண்டுகளிலும் மற்றொன்று 15 ஆண்டுகளிலும் மீண்டதென்றால், அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மேய்ச்சல் உயிர் பிழைத்ததா இல்லையா என்பதில்தான் இருக்கிறது. வேறு நத்தைகளுக்கும் மேய்ச்சலில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் லிம்பெட்டை மட்டும் வேலியிட்டுத் தடுத்த பிற்காலச் சோதனைகளில், மற்ற நத்தைகள் தாராளமாக உள்ளே வந்துபோன இடங்களிலும் பாசி எழுந்தது.

அடுத்தது அலையின் தரப்பு. அதைக் கேலியாகத் தள்ளிவிட முடியாது. திறந்த கரைகளில் நன்கு வளர்ந்த பியூக்கஸை அலை பிய்த்தெறிவது உண்மை. செடி பெரிதாக ஆக, அதன்மேல் விழும் இழுப்பும் பெரிதாகிறது. பலமாக அலை மோதும் முனைகளில் பெரிய பழுப்புப் பாசி நெடுநாள் நிற்காது. ஆனால் வாதம் இங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பாசி அங்கே நீண்டநாள் வாழ முடியாது என்பது ஒன்று. பாசி அங்கே முளைக்கவே முடியாது என்பது வேறு. அலை முதலாவதைத்தான் நிறுவுகிறது. டோரி கேன்யனுக்குப் பின் கார்ன்வாலின் திறந்த கரைகளில் பாசி செழித்து ஆண்டுக்கணக்கில் நின்றபோது அங்கே அலை குறைந்திருக்கவில்லை. பாசி மறைந்தபோது அலை கூடியிருக்கவும் இல்லை. மாறியவற்றுள் முதன்மையானது லிம்பெட்டின் எண்ணிக்கை. மேலும் அலையும் லிம்பெட்டும் ஒன்றுக்கொன்று எதிரான விளக்கங்களும் அல்ல. அலை தெறிக்கும் பாறையில் ஈரம் நெடுநேரம் நிற்பதால் லிம்பெட் அங்கே கூடுதலாக வாழ்கிறது, கூடுதலாக மேய்கிறது, விரைவாக வளர்கிறது. அப்படியானால் அலை பாசியை விரட்டுவதில் ஒரு பகுதி லிம்பெட்டின் வழியாகவே நடக்கிறது. இளம்பாசிக்கு லிம்பெட், முதிர்பாசிக்கு அலை என்று வேலை பிரிந்திருப்பதாகச் சொல்வதுதான் சான்றுகளோடு பொருந்தும்.

குடாக்களுக்குள் நிலைமை தலைகீழ். அங்கே அடர்ந்த பாசி ஒருமுறை நிலைகொண்டுவிட்டால் அதன் நீண்ட கிளைகள் அசைந்து அசைந்து பாறையைத் துடைப்பம்போல் பெருக்குகின்றன. லிம்பெட்டின் உணவான படலமும் குறைகிறது. அங்கே வெல்வது பாசி. ஆகவே அடங்கிய கரைகளில் லிம்பெட்டுக்கு வேலையே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. வட அயர்லாந்தின் ஸ்ட்ராங்ஃபோர்ட் கடற்கழியில் நடந்தது அதற்கு மறுமொழி. அங்கே நீண்ட ஆயுளுள்ள அஸ்கோஃபில்லம் என்ற பாசியின் மூடல் பல பத்தாண்டுகளில் மெல்ல மெல்லச் சுருங்கி வந்ததையும், லிம்பெட்டுகள் அதன் அடிப்பகுதியைத் தின்று வலுவிழக்கச் செய்ததையும் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். சில மாதங்களே நீடிக்கும் சோதனையில் இது தென்படாது. பாசியின் ஆதிக்கம் என்று நாம் நினைப்பதும் இழுபறியில் நிற்கும் ஒரு கட்டம்தான்.

லிம்பெட்டின் ஆட்சி எங்கும் ஒரே அளவில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரிட்டனிலிருந்து போர்ச்சுகல் வரை பல கரைகளில் ஒரே முறையில் லிம்பெட்டைத் தடுத்துப் பார்த்தபோது எல்லா இடத்திலும் பாசி கூடியது. ஆனால் எந்தப் பாசி வந்தது, எவ்வளவு நிலைத்தது, சீராக வந்ததா திட்டுத்திட்டாக வந்ததா என்பது ஊருக்கு ஊர் வேறுபட்டது. தெற்கே போகப் போக வெயில் மூன்றாவது சக்தியாக நுழைகிறது. ஹாங்காங்கின் பாறைகளில் கோடைச் சூடே இலைப்பாசிகளைக் கருக்கிவிடுகிறது. அங்கே கோடையில் மேயும் நத்தைக்கு எந்தப் பெருமையும் சேராது. அதனால் ஐரோப்பியக் கரையில் கண்டதை அப்படியே வெப்பக் கடல்களுக்கு நீட்டுவது தவறு. விசாகப்பட்டினத்தின் பாறைகளில் வாழும் செல்லானா ரேடியாட்டா என்ற நம் நாட்டு லிம்பெட்டுக்கும் இது பொருந்துமா என்பதை அந்தப் பாறைகளிலேயே சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

வரம்புகள் தெரிந்துவிட்டதால் வாதம் பலவீனமாகிவிடவில்லை. அதன் உண்மையான வடிவம் தெரிகிறது. மிதமான அலையுள்ள கரைகளைப் பல ஆண்டுகள் கவனித்த ரிச்சர்ட் ஹார்ட்னாலும் ஸ்டீஃபன் ஹாக்கின்ஸும் அங்கே பாறை ஒரே முகத்தோடு இருப்பதில்லை என்று காட்டினார்கள். லிம்பெட்டுகள் குறைந்த ஒரு மூலையில், கொட்டலசின் இடுக்குகளில் ஒளிந்த முளைகள் தப்பிப் பியூக்கஸ் திட்டாக எழும். அதன் நிழலை நாடி லிம்பெட்டுகள் அங்கே கூடும். கூடியபின் அங்கே புதுப்பாசி முளைக்காது. இருக்கும் திட்டும் சில ஆண்டுகளில் மூத்து உதிரும். நிழலிழந்த லிம்பெட்டுகள் கலைந்து போகும். அவை கலைந்ததால் மேய்ச்சல் குறைந்த வேறொரு மூலையில் அடுத்த திட்டு எழும். பாசியைத் தடுக்கும் உயிரே பாசியின் நிழலைத் தேடிப்போகிறது. அந்தக் கரையின் மாறாத தோற்றம் இந்த ஓயாத இடமாற்றத்தால்தான் நிற்கிறது.

இதெல்லாம் மனிதருக்கு ஏன் தெரியவேண்டும் என்றால், இந்த நத்தையை நாமே எளிதில் காலிசெய்துவிட முடியும் என்பதால்தான். பொது லிம்பெட் முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடைகிறது. வயது ஏற ஏறப் பல பெண்ணாக மாறுகின்றன. பெரிய ஓடாகப் பார்த்துப் பொறுக்குகிறவர் அறியாமலே பெண்களைப் பொறுக்குகிறார். அசோர்ஸ் தீவுகளில் லிம்பெட் விரும்பி உண்ணும் உணவு. அங்கே அதன் இனங்கள் 1980களில் அளவுக்குமீறிப் பறிக்கப்பட்டுச் சரிந்தன. 1993இல் அளவுக் கட்டுப்பாடும் தடைப்பகுதிகளும் சட்டமாக வந்தன. கடல் வெப்பமாவது இன்னொரு கவலை. தென்மேற்கு இங்கிலாந்தில் பட்டெல்லா டெப்ரெஸ்ஸா என்ற தென்பகுதி இனம் பொது லிம்பெட்டின் இடத்தைப் பிடித்து வருகிறது. ஒரு லிம்பெட் போய் இன்னொரு லிம்பெட் வந்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். புதிய இனம் பியூக்கஸ் திட்டுகளைத் தேடிப் பழைய இனத்தைப் போலக் கூடுவதில்லை. மேலே சொன்ன சுழற்சி, லிம்பெட் எங்கே கூடுகிறது, எங்கிருந்து கலைகிறது என்பதையே நம்பி நிற்கிறது. எண்ணிக்கை அப்படியே இருந்தும் பாறையின் முகம் மாறிவிடக்கூடும்.

எண்ணெய் விபத்துகளைப் பொறுத்தவரை, 1967இன் பாடத்தை ஒரு நாடாவது விதியாக எழுதிவைத்திருக்கிறது. பிரிட்டனில் ஒரு கரைப்பானைப் பாறைக்கரையில் பயன்படுத்த அனுமதி கேட்டால், அது பொது லிம்பெட்டின் மேல் சோதிக்கப்படுகிறது. கரைப்பான் பட்ட லிம்பெட்டுகளின் இறப்பு, எண்ணெய் மட்டும் பட்டவற்றின் இறப்பைவிட அதிகமாக இருந்தால் அந்தக் கரைப்பான் அங்கே பயன்படுத்தப்படக் கூடாது. பாறையைத் துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லும் எந்த மருந்தையும், அந்தப் பாறையை ஏற்கெனவே துடைத்துவரும் உயிரிடம் முதலில் காட்டிப் பார்க்கவேண்டும் என்று கேட்கும் இந்தச் சோதனை, பாறைக்கரையுள்ள ஒவ்வொரு நாட்டிலும், அந்தந்தக் கரையின் சொந்த நத்தையை வைத்து நடத்தப்பட வேண்டும்.